குளியல் குண்டு: ஒன்று வீங்கியது, ஒன்று உதிர்ந்தது, ஒன்று நுரைக்கவே இல்லை

நீர்க்கோலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக வீட்டிலேயே குளியல் குண்டு (குளியல் தொட்டித் தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் வாசனை உருண்டை) செய்ய முயன்று வருகிறேன். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் கெட்டது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகக் கெட்டதுதான் என்னைக் குழப்புகிறது. ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

நான் எடுத்துக்கொண்ட அளவு இது: சமையல் சோடா இரண்டு கோப்பை, சிட்ரிக் அமிலம் ஒரு கோப்பை, கார்ன்ஃப்ளவர் ஒரு கோப்பை, எப்சம் உப்பு ஒரு கோப்பை. இவற்றைச் சலித்துக் கலந்து, மூன்று மேசைக்கரண்டி பாதாம் எண்ணெயும் இருபது சொட்டு லாவெண்டர் எண்ணெயும் சில சொட்டு உணவு நிறமும் (திரவமாகக் கிடைப்பது) ஊற்றி, தெளிப்பான் புட்டியால் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, இரண்டு அரைக்கோளங்களாகப் பிரியும் பிளாஸ்டிக் அச்சில் அடைத்து அழுத்தினேன்.

முதல் முறை கிண்ணத்திலேயே கலவை புளித்த மாவைப் போலப் பொங்கத் தொடங்கியது. பரவாயில்லை என்று அவசரமாக அச்சில் அடைத்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், உள்ளே இருந்த உருண்டை வீங்கி, அச்சின் இரு பாதிகளையும் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தள்ளித் திறந்திருந்தது. மேற்பரப்பு முழுவதும் மரு மருவாக இருந்தது. இதற்குப் பயந்து இரண்டாம் முறை தண்ணீரைக் குறைத்தேன். அச்சிலிருந்து அழகாகத்தான் வந்தது, ஆனால் தட்டிலிருந்து எடுக்கக் கை வைத்ததுமே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

மூன்றாம் முறை இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவில் தண்ணீர் தெளித்தேன். உருண்டை கெட்டியாகவும் வழவழப்பாகவும் வந்ததால், வெற்றி பெற்றுவிட்டேன் என்று எண்ணி அன்று மாலையே கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடினேன். நான்கு நாள் கழித்து மூடியைத் திறந்தபோது சோடா புட்டியைத் திறந்ததைப் போல ‘டப்’ என்று சத்தம் வந்தது. இரண்டு வாரம் கழித்துத் தொட்டியில் போட்டபோது அது கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்து, நாலைந்து குமிழிகளை மட்டும் விட்டுவிட்டு மெதுவாகக் கரைந்தது.

எங்கே தவறுகிறேன்? அடுப்பின் ஓவனில் அரை மணி நேரம் வைத்து உலர்த்தினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்து பார்க்கலாமா?

அளவுகோல் எழுதியது:

வணக்கம். முதலில் ஓவன் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மூன்று வெவ்வேறு நோய்களைப் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் மூலம் தண்ணீர்தான். முதல் முறை அது மிகுந்துவிட்டது, இரண்டாம் முறை போதவில்லை, மூன்றாம் முறை உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

உருண்டைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் செய்முறைக் குறிப்பு எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதுவும் சிட்ரிக் அமிலமும் நன்கு உலர்ந்த நிலையில் ஒரே கிண்ணத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஈரம் பட்டு இரண்டும் கரையும்போதுதான் வினை தொடங்குகிறது. ஒரு சிட்ரிக் அமில மூலக்கூறு மூன்று பைகார்பனேட் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து, சோடியம் சிட்ரேட் என்னும் உப்பையும் மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளையும் மூன்று நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. கார்பன் டை ஆக்சைடை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் நுரை அதுதான். கூடவே பிறக்கும் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. வினையைத் தொடங்கி வைப்பதும் தண்ணீர், வினையால் பிறப்பதும் தண்ணீர் என்பதால், நீங்கள் தெளித்த ஒரு துளி ஓரிடத்தில் வினையைத் தொடங்கிவிட்டால், அங்கே பிறந்த ஈரம் பக்கத்துத் துகள்களைக் கரைக்க, அங்கும் வினை நடந்து மேலும் ஈரம் பிறக்க, நீங்கள் தெளிப்பதை நிறுத்திய பிறகும் உருண்டைக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இதன் அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 200 கிராம் சோடாவும் 100 கிராம் நீரற்ற சிட்ரிக் அமிலமும் உள்ள கலவையில் அமிலம் முழுவதும் செலவானால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 38 லிட்டர் வாயுவும் 28 கிராம் தண்ணீரும் வெளிப்படும். 28 கிராம் என்பது கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி. உங்கள் முதல் உருண்டை அச்சைத் தள்ளித் திறந்ததும், மூன்றாவது உருண்டை ஜாடியை ‘டப்’ என்று திறக்க வைத்ததும் இந்த வாயுதான். ஜாடிக்குள் இருந்த உருண்டை பார்க்கச் சாதுவாக இருந்தாலும், தொட்டிக்காக வைத்திருந்த நுரையை இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே செலவழித்துவிட்டது. ஜாடி உடையாமல் போனது நல்லகாலம். நன்றாக உலராத உருண்டையை ஒருபோதும் கண்ணாடியில் இறுக மூடி வைக்காதீர்கள்.

இனி அளவைப் பற்றிச் சொல்கிறேன். கோப்பையை எடுத்து வைத்துவிட்டுத் தராசுக்கு மாறுங்கள். சோடா மாவைப் போல அமுங்கும், சிட்ரிக் அமிலம் மணல் மணலாக இருக்கும், கார்ன்ஃப்ளவர் பஞ்சு போல உப்பி நிற்கும். ஒரே கோப்பையில் மூன்றுக்கும் மூன்று எடை. பொதுவாக எல்லோரும் பின்பற்றுவது எடையில் சோடா இரண்டு பங்கு, அமிலம் ஒரு பங்கு என்பது. வேதியியல் கணக்குப்படி 192 கிராம் அமிலத்துக்கு 252 கிராம் சோடா போதும், அதாவது ஒன்றுக்கு ஒன்றே கால் பங்குக்குச் சற்று மேல். அப்படியிருக்க ஏன் இரண்டு பங்கு போடுகிறோம் என்றால், அமிலம் மிஞ்சினால் உடலில் உள்ள சிறு கீறலும் எரியும்; சோடா மிஞ்சினால் தண்ணீர் லேசான காரத்தன்மையோடு வழுவழுப்பாக இருக்கும். நுரை போதவில்லை என்று தோன்றினால் அமிலத்தைச் சிறிது கூட்டலாம், ஆனால் சரிசமமாகப் போட வேண்டாம்.

சிட்ரிக் அமிலம் இரண்டு வகையாகக் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். பொட்டலத்தில் ‘அன்ஹைட்ரஸ்’ என்று இருந்தால் அது நீரற்றது. ‘மோனோஹைட்ரேட்’ என்று இருந்தால் படிகத்துக்குள்ளேயே எடையில் 8.6 சதவீதம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. எப்சம் உப்பு அதைவிட மோசம். அதன் எடையில் பாதி தண்ணீர்தான். ஒரு மூலக்கூறு மெக்னீசியம் சல்பேட்டோடு ஏழு மூலக்கூறு நீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கலவைக்கு ஒரு கோப்பை எப்சம் உப்பு மிக மிக அதிகம். நானாக இருந்தால் அதை அடியோடு நீக்கிவிடுவேன்.

கார்ன்ஃப்ளவர் இருக்கட்டும், அது துகள்களுக்கு இடையில் நின்று வினையைச் சற்று மந்தப்படுத்துகிறது. ஆனால் ஒரு கோப்பை வேண்டாம். ஒரு சிறு எச்சரிக்கை: குறிப்புகளில் ‘சோள மாவு’ என்று படித்துவிட்டுச் சோளத்தை அரைத்த மாவைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே வேண்டியது மக்காச்சோளத்திலிருந்து பிரித்த வெண்ணிற மாச்சத்து மட்டும். அதேபோல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே அமிலமும் மாச்சத்தும் கலந்திருப்பதால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

ஓவன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது: சமையல் சோடா சூட்டில் சிதையும். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாகத் தொடங்கி, 80 டிகிரியைத் தாண்டினால் வேகம் பிடித்து, வாயுவையும் தண்ணீரையும் விட்டுவிட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாறும். அது சலவை சோடா. உலர்த்தப்போய் உருண்டைக்குள் புதிதாகத் தண்ணீரை உண்டாக்கிவிட்டு, தோலுக்கு ஒவ்வாத காரத்தையும் சேர்த்துவிடுவீர்கள்.

கைவினைக்காரி எழுதியது:

அளவுகோல் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் கிண்ணத்தில் கையை வைத்து நிற்கும்போது கணக்கு உதவாது, கைதான் சொல்ல வேண்டும். எனவே கைப்பக்குவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீருக்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளியுங்கள். அது துகள்களை ஒட்ட வைக்கும், வினையைத் தூண்டாது, பிறகு ஆவியாகிப் போய்விடும். 70 சதவீதம் என்று இருப்பதில் மீதி தண்ணீர் என்பதால் 91 அல்லது 99 சதவீதம் உள்ளதைத் தேடி வாங்குங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது. அடுப்பு எரியும் அறையில் வைத்துச் செய்யாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். 300 கிராம் தூளுக்கு மொத்தமே இரண்டு தேக்கரண்டிக்குள்தான் செலவாகும். ஒரு கையால் தெளித்துக்கொண்டே மறு கையால் உடனுக்குடன் கிளற வேண்டும். ஒரே இடத்தில் தெளித்தால் அங்கே மட்டும் கட்டி விழும்.

பதம் எது என்றால், கடற்கரையில் வீடு கட்ட எடுக்கும் ஈர மணலின் பதம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் விரல் ரேகை பதிந்த கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். அதைக் கட்டைவிரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. உடையாமல் அமுங்கினால் மிஞ்சிவிட்டது. இன்னோர் அடையாளமும் உண்டு: நுரைக்கும் வினை வெப்பத்தை உள்ளிழுக்கும் என்பதால், கலவை திடீரென்று கைக்குச் சில்லென்று ஆனால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். ஆல்கஹால் ஆவியாகும்போதும் சற்றுக் குளிரும், ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாலைந்து முறை செய்தால் கைக்குத் தெரிந்துவிடும். மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஒலியும் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

அச்சின் இரு பாதிகளையும் கோபுரமாக நிரப்புங்கள். உள்ளே அழுத்தி அழுத்தித் திணிக்கக் கூடாது. மேலே குவிந்திருப்பதை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நேராக அழுத்தினால் நடுவில் உள்ள கலவை தானே பிணைந்துகொள்ளும். அழுத்தும்போது திருகாதீர்கள். திருகினால் நடுவில் ஒரு வெட்டுக்கோடு விழுந்து, உலர்ந்த பிறகு அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிரியும். ஒரு கரண்டியின் காம்பால் அச்சைச் சுற்றி மெதுவாகத் தட்டிவிட்டு, மேல் பாதியைக் கழற்றி, கவிழ்த்து, மறு பாதியையும் கழற்றி, மடித்த துணியின் மேல் உட்கார வையுங்கள். கெட்டித் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும்.

உங்கள் எண்ணெயின் அளவைப் பார்த்துத்தான் நான் திடுக்கிட்டேன். மூன்று மேசைக்கரண்டி! 300 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை. எண்ணெய் அதிகமானால் உருண்டை கெட்டிப்படாது. அதோடு தொட்டியின் தரையில் படலம் படிந்து, எழுந்திருக்கும்போது கால் வழுக்கும். திரவ உணவு நிறத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நீங்கள் பார்த்த மருக்களில் சில அந்தச் சொட்டு விழுந்த இடமாகவே இருக்கும். தூளாகக் கிடைக்கும் நிறத்தைச் சோடாவோடு முதலிலேயே தேய்த்துக் கலந்துவிடுங்கள். தோலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டுள்ள மைக்காத் தூளானால் (மினுமினுக்கும் கனிமத் தூள்), அதோடு எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பாலிசார்பேட் 80 என்னும் திரவத்தைச் சிறிது சேர்த்தால்தான் நிறமும் எண்ணெயும் தண்ணீரில் பரவும். இல்லாவிட்டால் தொட்டியின் விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொள்ளும், அதைத் தேய்த்துக் கழுவுவது தனி வேலை.

ஒற்றைத்துளி எழுதியது:

எப்சம் உப்பை அடியோடு நீக்கச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பொடியாக அரைத்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் உருண்டை நன்றாகவே நிற்கிறது, கனமும் கிடைக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் நானும் சேர்ப்பதில்லை. உண்மையில் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. ஈரப்பதமானி காட்டும் அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் நான் அன்று கிண்ணத்தையே எடுப்பதில்லை. குளிர்சாதன அறையில் செய்வதும் அங்கேயே உலர்த்துவதும் நல்லது.

சேமிப்பைப் பற்றி யாரும் முழுமையாகச் சொல்லவில்லை. இந்தப் பண்டம் 1989-இல் பிரிட்டனில், லஷ் அழகுப்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன் உருவாக்கியது. வயிற்றுக் கோளாறுக்குத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் நுரை மாத்திரையைப் பார்த்து எழுந்த யோசனை என்பார்கள். அந்த மாத்திரைகள் எப்படி வருகின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி அலுமினியத் தாளில் வரும், அல்லது மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் வைத்த குழாயில் வரும். நம் உருண்டைக்கும் அதே மரியாதை வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம், மூடியை லேசாகத் திறந்து வைத்த டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உலரட்டும். அதன் பிறகு ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றுங்கள். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். அலங்காரமாக அங்கே கிண்ணத்தில் அடுக்கி வைத்த என் முதல் தொகுதி ஒரு வாரத்தில் இளகிப்போனது. இப்போதெல்லாம் கொஞ்சமாகச் செய்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறேன்.

வாசனை எண்ணெயிலும் நிதானம் வேண்டும். மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் தோலை எரிக்கும், குளியலுக்கு வேண்டவே வேண்டாம். புதினா எண்ணெயை நான் ஒருமுறை தாராளமாக ஊற்றிவிட்டு, ஆவி பறக்கும் வெந்நீருக்குள் உட்கார்ந்துகொண்டு பல் கிட்டிக்கொள்ள நடுங்கியிருக்கிறேன். தண்ணீர் சூடு, தோல் மட்டும் பனிக்கட்டியில் இருப்பதாக அடம்பிடித்தது. கைக்குழந்தைகளுக்கும் தோல் அழற்சி உள்ளவர்களுக்கும் இதைத் தவிர்த்துவிடுவதே நல்லது. செய்யும்போது கையுறை போடுங்கள். சிட்ரிக் அமிலத் தூசி கண்ணில் பட்டாலும் நகக்கண்ணில் உள்ள கீறலில் பட்டாலும் எரிச்சலில் உயிர் போகும்.

தொட்டி இல்லாதவர்கள் நெல்லிக்காய் அளவில் உருட்டி, கால் ஊற வைக்கும் பாத்திரத்தில் போடலாம். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது.

நீர்க்கோலம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றோடு ஐந்து நாள் ஆயிற்று, இப்போது முடிவைச் சொல்லலாம்.

சோடா 200 கிராம், நீரற்ற சிட்ரிக் அமிலம் 100 கிராம், கார்ன்ஃப்ளவர் 40 கிராம், பாதாம் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, லாவெண்டர் எண்ணெய் 3 கிராம். எப்சம் உப்பு சேர்க்கவில்லை. ஒற்றைத்துளி கோபித்துக்கொள்ளக் கூடாது. என் பழைய பொட்டலத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் ‘மோனோஹைட்ரேட்’ என்றுதான் அச்சிட்டிருந்தது, இத்தனை நாள் அதை நான் படித்ததே இல்லை. கார்ன்ஃப்ளவரை நிறத்தூளோடு தேய்த்துச் சலித்தபின் ஆல்கஹாலைத் தெளிக்கத் தொடங்கினேன். ஏழாவது தெளிப்பு வரை கலவை பிடிபடவில்லை, எட்டாவதில் சட்டென்று ஈர மணலாக மாறியது. அந்த ஒரு தெளிப்புக்குள் இவ்வளவு மாற்றம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்று உருண்டைகள் வந்தன. முதலாவதைப் பழக்க தோஷத்தால் திருகிவிட்டேன். கைவினைக்காரி சொன்னபடியே மறுநாள் நடுக்கோட்டில் இரண்டாகப் பிளந்தது. அதன் ஒரு பாதியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டுப் பார்த்தேன். மிதந்தபடியே சுழன்று, நுரை தம்ளரின் விளிம்பு வரை ஏறியது. இரண்டாவதைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்து, 48 மணி நேரம் கழித்துச் சுற்றி வைத்துவிட்டேன். நேற்று தொட்டியில் போட்டபோது மூன்று நிமிடத்துக்கு மேல் சீறியது, விளிம்பில் நிற வளையமும் இல்லை.

மூன்றாவதை வேண்டுமென்றே ஜன்னலோரத்தில் திறந்து வைத்திருந்தேன். இரண்டு நாள் மாற்றம் ஏதும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இரவு மழை பெய்தது. நான்காம் நாள் காலையில் பார்த்தால், அச்சில் இருந்து வந்தபோது பளிங்கு போல இருந்த அதன் தோளில் மிளகு அளவுக்கு ஒரு மரு எழும்பியிருந்தது. மற்றவை முளைப்பதற்குள் அதைக் கால் ஊற வைக்க எடுத்துக்கொண்டேன்.